தோட்டத்துச் சாளையில் முதல் கோடை: சின்னக் குழந்தைகளோடு குடிபோகிறவர்களுக்கு

டவுனை விட்டுத் தோட்டத்துச் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, குடிபோகிற இளம் குடும்பங்கள் பெரும்பாலும் தை பிறந்ததும்தான் பால் காய்ச்சுகின்றன. தையிலும் மாசியிலும் கொங்கு நாடு மனசை மயக்கும். கிணற்றில் தண்ணீர் எட்டிப் பார்க்கிற உயரத்தில் நிற்கும், வெடியால (விடியற்காலையில்) போர்வையை விட்டு எழ மனசு வராது. அந்த மயக்கத்தில் நாலு பாத்தி, ஒரு கறவை மாடு, ஐம்பது நாற்று என்று இறங்கிவிடுகிறார்கள். பங்குனி பாதி தாண்டும்போது கிணறு அடி காட்டும், போர் (ஆழ்துளைக் கிணறு) காற்றைக் கக்கும், குழந்தைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. மாட்டைப் பார்ப்பதா, பிள்ளையைப் பார்ப்பதா என்று தடுமாறுவது அப்போதுதான்.

அதனால் முதல் ஆண்டு காட்டு வேலையை ஆடிக்குத் தள்ளி வையுங்கள். மாசி முதல் வைகாசி வரை வீட்டு வேலை மட்டுமே போதும், அதுவே கை நிறைய இருக்கும்.

இடத்துக்கு இடம் வெயில் மாறும். கரூர், பரமத்தி, ஈரோடு பக்கம் சித்திரையில் 40 டிகிரியைத் தொடுகிற நாட்கள் உண்டு. பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று கொஞ்சம் காப்பாற்றும். காங்கேயம், தாராபுரம், மூலனூர் வட்டாரம் மழை மறைவுப் பூமி. அங்கே ஐப்பசி, கார்த்திகையில் பெய்ததுதான் வருஷம் முழுமைக்கும் நிலத்தடியில் இருப்பு. கீழே சொல்வதை உங்கள் ஊர் வெயிலுக்கும் தண்ணீருக்கும் தகுந்தபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர்: மாசியிலேயே கணக்கு

ஆளுக்கு ஒரு நாளைக்கு 100 லிட்டர். கைக்குழந்தை இருந்தால் துணி துவைக்க இன்னொரு 100. நாலு பேர் வீட்டுக்கு 500 லிட்டர் ஆகிறது. ஏற்கெனவே கறவை மாடு இருந்தால் அது கோடையில் குடிக்க மட்டும் 60 முதல் 80 லிட்டர் கேட்கும். பத்துக் கோழிக்கு 3 லிட்டர் போதும். இந்தத் தொகையை மூன்றால் பெருக்குங்கள். மூன்று நாள் இருப்பு எப்போதும் டேங்கிலும் தொட்டியிலும் இருக்க வேண்டும். மூன்று நாள் எதற்கு என்றால், போர் மோட்டார் எரிந்துவிட்டால் ஆள் பிடித்து, குழாயை ஏற்றி, காயில் சுற்றி, திரும்ப இறக்க அவ்வளவு நாள் பிடிக்கும். கோடையில் எல்லோர் மோட்டாரும் ஒரே வாரத்தில் எரிவதால் ஆள் கிடைப்பது அதைவிடச் சிரமம்.

அடுத்து, தண்ணீர் எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று தெரிந்தாக வேண்டும். கிணறாக இருந்தால் ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு, நுனியில் கல்லைக் கட்டி, மேலிருந்து தண்ணீர் எத்தனை அடியில் இருக்கிறது என்று வாரம் ஒரு முறை, மோட்டார் போடுவதற்கு முன்பு, அளந்து காலண்டரில் குறியுங்கள். போராக இருந்தால் 1,000 லிட்டர் டேங்க் நிரம்ப எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். மாசியில் 25 நிமிடத்தில் நிரம்பியது பங்குனி கடைசியில் 45 ஆனால் ஊற்று குறைகிறது என்று அர்த்தம். அன்றைக்கே மோட்டாரை ஒரே மூச்சில் ஓட்டுவதை நிறுத்துங்கள். 20 நிமிடம் ஓட்டி 40 நிமிடம் ஆற விட்டால் பாறை இடுக்கிலிருந்து தண்ணீர் ஊறி வர நேரம் கிடைக்கும். ஒரு டைமர் சுவிட்சை வைத்துவிட்டால் இதற்காகக் காத்து நிற்க வேண்டாம்.

போர் மோட்டார் தன்னைச் சுற்றியிருக்கிற தண்ணீரால்தான் சூடு ஆறுகிறது. மட்டம் இறங்கி மோட்டார் வெறுமனே சுற்றினால் கொஞ்ச நேரத்திலேயே காயில் கருகிவிடும். தண்ணீர் இல்லாவிட்டால் மோட்டாரைத் தானே நிறுத்துகிற கருவியை ஸ்டார்ட்டரோடு மாட்டச் சொல்லுங்கள். மறு காயில் சுற்றுகிற செலவோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை.

கொங்கு நாட்டில் தண்ணீர் என்றால் இரண்டு சாதி: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. ஊராட்சிக் குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீர் நல்ல தண்ணி. தோட்டத்துப் போர் 600, 800, 1,000 அடி என்று போகப்போக உப்பும் கடினமும் ஏறும். கோடையில் மட்டம் இறங்க இறங்க அதே போரில் உப்பு இன்னும் கூடும். ஆகவே கார்த்திகையில் எடுத்த சோதனையை நம்பி இருக்காமல் பங்குனியில் ஒரு தடவை சோதியுங்கள். குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டந்தோறும் சோதனைக் கூடம் இருக்கிறது. குடிப்பதற்கு மொத்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு வழியே இல்லாத இடத்தில் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. புளோரைடு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. நைட்ரேட் 45-ஐத் தாண்டக் கூடாது. யூரியாவும் மாட்டுச் சாணமும் ஊறிய தோட்டங்களில் நைட்ரேட் அதிகம் இருக்க வாய்ப்புண்டு. புட்டிப்பால் குடிக்கும் பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் மாவு கலந்தால் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாயும். கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும்.

குடிக்கவும் சமைக்கவும் நல்ல தண்ணி மட்டும். உப்புத் தண்ணியில் துவரம் பருப்பு எத்தனை விசில் விட்டாலும் வேகாமல் முத்து முத்தாக நிற்கும். குழாய்த் தண்ணீர் வாரம் ஒரு முறைதான் வருகிறது என்றால் நாளைக்கு 20 லிட்டர் வீதம் 150 லிட்டரை மூடி போட்ட டிரம்மில் தனியாகப் பிடித்து வையுங்கள். ஆர்.ஓ. மெஷின் வைத்தால் ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு மூன்று லிட்டர் வரை கழிவாகப் போகும். அதைத் தரை கழுவப் பிடித்து வைக்கலாம், செடிக்கு மட்டும் ஊற்ற வேண்டாம். பிரித்தெடுத்த உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

தொட்டித் தண்ணீருக்கு பிளீச்சிங் பவுடர் 1,000 லிட்டருக்கு 4 கிராம். கொஞ்சம் தண்ணீரில் குழைத்து, வண்டல் படிந்ததும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விடுங்கள். டேங்க், டிரம், கோழித் தண்ணிச் சட்டி எல்லாவற்றையும் வாரம் ஒரு முறை காலி செய்து சுவரைத் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்கு கொசு தேங்கிய சுத்தமான தண்ணீரில்தான் முட்டையிடும், முட்டை சுவரில் ஒட்டியிருக்கும். ஒரு வாரம், பத்து நாளில் அது கொசுவாகிப் பறந்துவிடும்.

மேலே இருப்பது கறுப்பு டேங்க் என்றால் ஒரு எச்சரிக்கை. சித்திரை மத்தியானத்தில் குழாயைத் திறந்ததும் வருகிற தண்ணீர் பிள்ளையின் தோலைப் பொசுக்கும். குளிப்பாட்டும் தண்ணீரை வெடியால பக்கெட்டில் பிடித்து நிழலில் வைத்துவிடுங்கள். டேங்குக்கு வெள்ளை பெயிண்ட் அடித்து, மேலே நாலு தென்னங்கீற்றை வைத்துக் கட்டினால் சூடு குறையும்.

கூரை

ஓட்டு வீடு என்றால் பாக்கியம். ஓட்டு இடுக்கு வழியாகச் சூடு வெளியேறிவிடும். தார்சு (கான்கிரீட் தளம் போட்ட) வீடும் சிமென்ட் ஷீட்டும்தான் பிரச்சினை. தார்சு பகலெல்லாம் வெயிலைக் குடித்துவிட்டு ராத்திரி பத்து மணிக்கு மேல் அறைக்குள் கக்கும். அதற்குச் சுண்ணாம்பு அடிப்பதுதான் மலிவான, பலிக்கிற வழி. மாசி கடைசிக்குள் முடித்துவிடுங்கள்.

மொட்டை மாடியைச் சீமாறால் கூட்டி, பாசி இருந்தால் சுரண்டிக் கழுவிக் காய விடுங்கள். சுண்ணாம்புக் கல்லை இரும்பு டிரம்மில் போட்டுத் தண்ணீர் விட்டு நீற்றி ஒரு நாள் விட்டுவிடுங்கள். கல் ஒரு கிலோவுக்குத் தண்ணீர் 3 முதல் 5 லிட்டர். மறுநாள் துணியில் வடிகட்டி, ஒட்டுவதற்கு வஜ்ஜிரப் பசையைச் சுடுநீரில் கரைத்துச் சேருங்கள். தளத்தை லேசாக நனைத்துவிட்டு, பொழுதோட (சாயங்காலம்), மெல்லிசாக ஒரு பூச்சு. மறுநாள் குறுக்குவாட்டில் இன்னொன்று. அதற்கடுத்த நாள் மூன்றாவது. ஒரே பூச்சில் கெட்டியாக அப்பினால் பத்து நாளில் அப்பளம் போல உரிந்து வரும். உச்சி வெயிலில் அடித்தாலும் பிடிக்காமல் மாவாகிப் போகும். நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும், கண்ணில் பட்டால் பார்வையையே பறிக்கும். அன்றைக்குப் பிள்ளைகளைப் பாட்டி வீட்டுக்கு அனுப்பிவிடுவது உத்தமம்.

சிமென்ட் ஷீட்டுக்கும் தகரத்துக்கும் மேலே பச்சை வலை கட்டுகிறவர்கள் ஷீட்டோடு ஒட்டிக் கட்டிவிடுகிறார்கள். அதில் பயன் மிகக் குறைவு. ஷீட்டுக்கும் வலைக்கும் நடுவே ஒன்றரை அடி இடைவெளி வேண்டும், காற்று அதில் ஓடினால்தான் குளிரும். மேற்குச் சுவருக்கு வெளியே நாலடி தள்ளி மூங்கில் நட்டு கீற்றுப் பந்தல் போட்டால் பொழுதோட வெயில் சுவரைத் தொடாது. அதே பந்தல் குழந்தைகள் விளையாடவும் ஆகும். ஜன்னலில் ஈரச் சாக்கு கட்டுவது பங்குனியில் நன்றாக வேலை செய்யும், அப்போது காற்று காய்ந்திருக்கும். கோடை மழை இரண்டு பெய்து காற்றில் ஈரம் ஏறிவிட்டால் சாக்கு புழுக்கத்தைத்தான் கூட்டும், கழற்றிவிடுங்கள்.

ராத்திரி

இந்த ஒரு பகுதியில் மட்டும் எதையும் விட்டுவிட வேண்டாம்.

ஆளைக் கொல்லும் பாம்பு இங்கே நான்கு: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். இவற்றில் வீட்டுக்குள் பயப்பட வேண்டியது கட்டு விரியனுக்கு. ராத்திரியில்தான் நடமாடும், தரையில் படுத்திருப்பவர் பக்கத்தில் வந்துவிடும், கடித்தது பெரும்பாலும் வலிக்காது, தடமும் சரியாகத் தெரியாது. விடியும் முன்பு வயிறு வலிக்கிறது என்று பிள்ளை அழுது, இமை தானாக மூடிக்கொண்டால் அஜீரணம் என்று கஷாயம் போட்டு நேரத்தைக் கழிக்காதீர்கள்.

தரையில் பாய் விரித்துத் தூங்குவதை நிறுத்துங்கள். கட்டிலும் கொசு வலையும், வலையின் ஓரம் மெத்தைக்கு அடியில் செருகியிருக்க வேண்டும். கொசுவுக்கும் பாம்புக்கும் தேளுக்கும் ஒரே காவல் அதுதான். கதவுக்கு அடியில் விரல் நுழைகிற சந்து இருந்தால் ரப்பர் பட்டை அடியுங்கள். குளியலறைத் தண்ணீர் வெளியேறும் குழாய் வாய்க்குக் கம்பி வலை. தானிய மூட்டை, தேங்காய் மட்டை, பழைய ஓடு, விறகு எதுவும் வீட்டுச் சுவரோடு ஒட்டி இருக்கக் கூடாது, குறைந்தது 30 அடி தள்ளி இருக்கட்டும். அங்கே எலி சேரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். கோழிக் கூண்டுக்கும் அதே தூரம். சிறியாநங்கைச் செடி, பூண்டுத் தண்ணீர், பினாயில் இவற்றை நம்பி மற்றதை விட்டுவிடாதீர்கள், பாம்பு அவற்றுக்கு மதிப்புக் கொடுப்பதில்லை. சாரைப் பாம்பைப் பார்த்தால் அடிக்க வேண்டாம், அதற்கு விஷமில்லை, எலி தின்று உங்களுக்கு உதவி செய்கிறது.

தேளுக்கு ஒரு நல்ல வழி உண்டு. புறஊதா டார்ச் ஒன்று வாங்கி, இருட்டியதும் வாசல், எரவாரம் (கூரை ஓரம்), கட்டுத்தரை (மாடு கட்டும் இடம்), செருப்பு வைக்கும் இடம் எல்லாம் அடித்துப் பாருங்கள். தேள் பச்சையாக மின்னும். செந்தேள் கொட்டினால் பெரியவர்களே தாங்க மாட்டார்கள். கொட்டுப்பட்ட பிள்ளை வாந்தி எடுத்து, குளிர்ந்து வேர்த்து, கை கால் சில்லிட்டால் உடனே ஆஸ்பத்திரி.

பாம்பு கடித்தால் செய்ய வேண்டியது: கொலுசு, காப்பு, மோதிரம், அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றுங்கள். கடித்த கையையோ காலையோ சிம்பு வைத்து அசையாமல் கட்டுங்கள். நடக்க விடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கயிறு இறுக்கிக் கட்டுவது, கீறுவது, உறிஞ்சுவது, பச்சிலை அரைப்பது எதுவும் வேண்டாம். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோகவும் தேவையில்லை, நான்கு பாம்புக்கும் விஷமுறி மருந்து ஒன்றேதான். பக்கத்து அரசு மருத்துவமனையில் மருந்து ஆரம்பித்து, மூச்சுக் கருவி தேவைப்பட்டால் கோவை, திருப்பூர், பெருந்துறை, கரூர், நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் உங்களுக்கு எது கிட்டமோ அங்கே போக வேண்டும். எது கிட்டம் என்பதைக் குடிபோன வாரமே வண்டியில் ஒரு தடவை போய் நேரம் பார்த்து வந்துவிடுங்கள்.

தோட்டத்துக்குக் கதவு எண்ணைச் சொன்னால் 108 வண்டிக்குப் புரியாது. எந்த பஸ் நிறுத்தம், அங்கிருந்து எந்த இட்டேரி (வேலிகளுக்கு நடுவே போகும் தோட்டத்து வழி), எந்த டிரான்ஸ்பார்மரைத் தாண்டி எத்தனையாவது சாளை என்பதை நாலு வரியில் எழுதிக் கதவுக்குப் பின்னால் ஒட்டுங்கள். ராத்திரியில் இட்டேரி முனைக்கு டார்ச்சோடு போய் நிற்க ஒரு பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

கிணறு, குழி, பூட்டு

கொங்கு நாட்டுக் கிணறுகள் பாறை வெட்டிய கிணறுகள், 60, 80, 100 அடி ஆழம், பலவற்றுக்குச் சுற்றுச் சுவரே கிடையாது. பிள்ளைகள் வரும் முன்பே கிணற்றைச் சுற்றி ஐந்தடி உயரத்துக்குக் கம்பி வலை அடித்து, கதவு வைத்துப் பூட்டுங்கள். கற்கால் (கல் தூண்) போட்டு முள்கம்பி இழுப்பது போதாது, நாலு வயசுப் பிள்ளை அதன் அடியில் நுழைந்துவிடும். வேலிக்குள் லாரி டியூப் ஒன்றும் கிணற்றின் ஆழத்தைவிட 20 அடி கூடுதலான கயிறும் எப்போதும் கட்டித் தொங்க வேண்டும். நீச்சல் தெரிந்த பெரியவர் உள்ளே இறங்கிய பிறகுதான் பிள்ளை இறங்க வேண்டும், இதில் விலக்கே வேண்டாம். வற்றிப்போன கிணற்றுக்குள் தூர் பார்க்க, பந்து எடுக்க யாரும் இறங்கக் கூடாது. அடியில் காற்று கெட்டிருந்தால் இறங்கியவரும், காப்பாற்ற இறங்கியவரும் திரும்ப மாட்டார்கள்.

வற்றிய போர்க் குழாய் வாயைச் சாக்குப் போட்டோ கல்லை வைத்தோ மூடாதீர்கள், இரும்புத் தகடு வைத்து வெல்டிங். தரைத்தொட்டி மூடிக்குப் பூட்டு. நடை பழகும் பிள்ளை இருந்தால் அரை பக்கெட் தண்ணீரைக்கூட வாசலில் விட்டு வைக்காதீர்கள். பூச்சி மருந்து, களைக்கொல்லி எல்லாம் உயரத்தில், பூட்டிய பெட்டியில். ஜூஸ் பாட்டிலில் ஊற்றி வைக்கும் பழக்கம் உங்கள் தோட்டத்து வேலையாட்களுக்கு இருந்தால் அதை முதல் நாளே நிறுத்துங்கள்.

தூரி (ஊஞ்சல்) கட்ட வேப்பமரம், புளியமரம் நல்லது. முருங்கை சொல்லாமல் முறியும். தென்னைக்கு அடியில் தூரியும் வேண்டாம், தொட்டிலும் வேண்டாம்.

குழந்தையின் உடம்பு

ஆறு மாதத்துக்குள் இருக்கும் பிள்ளைக்குக் கோடையிலும் தண்ணீர் கொடுக்க வேண்டியதில்லை. தாய்ப்பாலை அடிக்கடி கொடுங்கள், தாய் நிறையக் குடிக்கட்டும். மூத்த பிள்ளைகளுக்கு மோர், இளநீர், நுங்கு, உப்புப் போட்ட கம்மங்கூழ். கொள்ளு ரசத்தை ஐப்பசிக்கு வைத்துக்கொள்ளலாம். காலை 11 முதல் மாலை 4 வரை வெளியே விளையாட விடாதீர்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் சிறுநீர் போகவில்லை, நாக்கு காய்ந்திருக்கிறது என்றால் உடம்பில் நீர் வற்றுகிறது. உடனே ஓ.ஆர்.எஸ். என்கிற உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தைக் கரைத்துக் கொடுங்கள். ஒரு லிட்டர் பொட்டலம் என்றால் முழுசாக ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் கரைக்க வேண்டும், அரைப் பொட்டலம் அரை டம்ளர் என்று கண் அளவு கூடாது, உப்பு மிஞ்சினால் ஆபத்து. பொட்டலம் கையில் இல்லையா, ஒரு லிட்டருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டி. உடம்பு நெருப்பாகக் கொதித்துப் பிள்ளை குழறினால் ஈரத் துணி போர்த்தி விசிறிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள், நினைவு தப்பிய பிள்ளை வாயில் எதையும் ஊற்றாதீர்கள்.

கரண்டும் கோடை மழையும்

விவசாய இலவச மின்சாரம் பாசனத்துக்கு மட்டும். அதிலிருந்து வீட்டுக்கு ஒயர் இழுத்தால் குற்றம், இணைப்பே போகும். வீட்டுக்குத் தனி இணைப்பும், 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழுகிற டிரிப் சுவிட்சும் கட்டாயம். ஈரக் கையோடு ஓடித் திரியும் பிள்ளைகள் இருக்கிற வீடு இது.

இன்வெர்ட்டர் வாங்குவதற்கு முன்பு காற்றாடியைப் பாருங்கள். 150 ஏ.ஹெச். பேட்டரியில் 75 வாட் காற்றாடி மூன்றும் நாலு விளக்கும் ஓட்டினால் நாலு மணி நேரம் வரும். அதே பேட்டரியில் கரண்ட் குறைவாக இழுக்கிற 30 வாட் பி.எல்.டி.சி. காற்றாடி மூன்று என்றால் எட்டு மணி நேரம், ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கலாம். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் மட்டும். போர்த் தண்ணீர் ஊற்றினால் தகடு கெட்டுவிடும். கரண்ட் போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் சொல்லலாம், வீட்டு இணைப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிடுங்கள்.

சித்திரை, வைகாசியில் கோடை மழை சாதுவாக வராது. நாலு மணிக்குக் கருக்கட்டி, மண்ணை வாரி அடித்து, ஆலங்கட்டியோடு இறங்கும். காற்று எரவாரத்துக்கு அடியில் புகுந்து ஷீட்டைத் தூக்குகிறது. ஆகவே ஓர வரிசைக் கொக்கி போல்ட்டுகளை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்து, வாஷர் பிய்ந்ததை மாற்றுங்கள். வீட்டின் மேல் சாய்கிற தென்னையில் காய்ந்த மட்டையையும் முற்றிய காயையும் பங்குனியிலேயே இறக்கிவிடுங்கள். இடி சத்தம் கேட்டதும் பிள்ளைகளை மரத்தடியிலிருந்து உள்ளே கூப்பிட்டு, மோட்டார் பியூஸைப் பிடுங்கி வையுங்கள்.

வீட்டைச் சுற்றி 30 அடிக்குக் காய்ந்த புல் இல்லாமல் செதுக்கி வைப்பதும் பங்குனி வேலைதான். சோளத்தட்டுக் குவியல் வீட்டுக்கும் கட்டுத்தரைக்கும் 50 அடி தள்ளி இருக்கட்டும். சருகைக் கூட்டித் தீ வைக்காமல் தென்னம் பாத்தியில் மூடாக்காகப் போடுங்கள்.

கொஞ்சமாகப் பயிர், கொஞ்சமாகக் கோழி

கை சும்மா இருக்காது என்றால் குளியலறைத் தண்ணீர் போகிற இடத்தில் நாலு வாழை, நிழல் வலைக்குக் கீழே தண்டுக்கீரை, சீனி அவரை, வெண்டை போதும். விடியும் முன்பு தண்ணீர் விட்டு, மண் தெரியாமல் மூன்று அங்குலம் சருகு போடுங்கள். தக்காளி, கத்திரி நாற்றெல்லாம் ஆடிக்கு. மரக்கன்றுக்கு 3 அடி நீளம், அகலம், ஆழத்தில் குழி மட்டும் இப்போது எடுத்து வெயிலில் காய விடலாம். கன்று மழை பிடித்த பிறகு. எடுத்த குழியைச் சுற்றி முள் வெட்டிப் போட்டு வையுங்கள்.

மாடு இந்த வருஷம் வேண்டாம். பசுந்தீவனம் விலை ஏறுகிற காலம், அனுபவமில்லாத கைக்கு மாடும் தாங்காது. ஐந்தாறு நாட்டுக் கோழி வாங்கிக்கொள்ளலாம். கோடைக்கு முன்பே வெள்ளைக் கழிச்சலுக்குக் கால்நடை மருந்தகத்தில் தடுப்பூசி போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் கூண்டே காலியாகும்.

பங்குனி, சித்திரையில் மாரியம்மன் கோவிலில் பூச்சாட்டி (நோம்பியைத் தொடங்கி), கோவில் முன்னால் மரக் கம்பம் நட்டுவிட்டால் ஊருக்கு ஊர் ஒரு கட்டுப்பாடு உண்டு. வெளியூரில் ராத் தங்கலாமா, வீட்டில் என்ன சமைக்கக் கூடாது, கோவில் வரி எவ்வளவு என்பதைப் பக்கத்துச் சாளைக்காரரிடம் "ஏனுங்க, நம்மூர்ல எப்படிங்க?" என்று பூச்சாட்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள். கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்ற உங்கள் வீட்டுக் குடமும் போகட்டும். ராத்திரி இட்டேரி முனையில் டார்ச்சோடு நிற்கப் போகிறவர் அங்கேதான் உங்களுக்குப் பழக்கமாவார்.

வைகாசி கடைசியில் மேற்கே இருந்து காற்று கிளம்பும். ஆனி, ஆடியில் அது மரத்தையே வளைக்கும். முதல் நாள் காற்று தெரிந்ததும் மேற்குப் பந்தலின் கீற்றையும் கூரை வலையையும் இறக்கி, மூங்கிலைப் பிடுங்கி எரவாரத்தில் செருகிவிடுங்கள். மேற்கு ஜன்னலுக்குத் தூசி வலை அடித்துவிட்டு, ஆடிப் பட்டத்துக்கான விதையைத் தேட ஆரம்பிக்கலாம்.